முப்பத்தெட்டு வயலுக்கு ஒரு குழாய்

பீடி, சிகரெட் எதையும் தொடாத மனிதருக்குச் சுருட்டு என்று பெயர் விழுந்ததற்குக் காரணம் குழாய்தான். வயலில் கருப்புக் குழாயை விரிப்பதும், படம் எடுத்து முடிந்ததும் அதைச் சுருட்டி வேனில் ஏற்றுவதும் அவர் வேலை. வேன் ஓட்டுநர் ஒருநாள் விளையாட்டாக, "சுருட்டு, ஏறுய்யா, நேரமாச்சு" என்று கூப்பிட்டார். ஊர் கப்பென்று பிடித்துக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயரை அதன்பின் அரசாங்கக் காகிதத்தில் மட்டும்தான் பார்க்க முடிந்தது.

சிறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்க் குழாய் இலவசம் என்பது திட்டம். வயலுக்கு ஒரு தடித்த குழாய், அதிலிருந்து பிரிகிற பதினெட்டு மெல்லிய குழாய்கள். செலவு முழுவதும் மானியம். அந்த வட்டாரத்துக்கு ஒதுக்கியது முப்பத்தெட்டு வயல்களுக்கு. வந்து இறங்கியது ஒரே ஒரு வயலுக்கு. மற்ற முப்பத்தேழும் வருகிற வழியிலேயே யார் யாருடைய வீட்டு மாடியாகவோ கார் சக்கரமாகவோ மாறிவிட்டன. இருந்த ஒன்றை வைத்து முப்பத்தெட்டுக்கும் படம் காட்ட வேண்டும்.

காட்டுகிற முறை இதுதான். காலையில் வேன் வயலோரம் நிற்கும். சுருட்டு இறங்கி, தடித்த குழாயை வரப்போரம் போட்டு, மெல்லிய குழாய்களைச் சால் சாலாக இழுத்து, முனையில் குச்சி அடித்து நிறுத்துவார். நாற்பது நிமிடம் ஆகும். வேளாண்மை அலுவலகத்திலிருந்து வருகிற கள அலுவலர் குடையை விரித்துக்கொண்டு வரப்பில் நிற்பார். வெயில் மழை எதுவானாலும் குடை இல்லாமல் அவரைக் கண்டவர் இல்லை. அதனால் குடை சார். வயலுக்குரியவர் 'பெற்றுக்கொண்டேன்' என்ற தாளில் கையெழுத்துப் போட்டு, பெயரும் நில எண்ணும் எழுதிய சிலேட்டை மார்பில் பிடித்துக் குழாய்களுக்கு நடுவே நிற்பார். குடை சார் கைபேசியில் படம் எடுப்பார்.

பிறகு சுருட்டு அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வேண்டும்.

"குழாய்ல நம்பர் அடிக்கணுங்க. அடிச்சிட்டு அடுத்த வாரம் கொண்டாந்து நாங்களே போட்டுத் தந்துடுவோம்."

குடை சார் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சுருட்டு சொன்னால் நம்பினார்கள். அவர் கையிலும் காய்ப்பு இருந்தது. நகத்தில் மண் இருந்தது. தங்களில் ஒருவர் பொய் சொல்வார் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

முதல் படம் அவர் வயலில்தான் எடுத்தார்கள். அன்றைக்கு அவருக்கு ஒன்றும் தெரியாது. தன் வயலுக்கு வந்த சொத்து என்று, நூல் பிடித்தாற்போல அவரே குழாயை விரித்தார். எலுமிச்சைக் கன்றுகள் நூற்றிருபது, மூன்றாவது வருடம். அடுத்த வருடம் காய்க்கும். கிணறோ ஒரு நாளைக்கு இருபது நிமிடம் மோட்டார் ஓடினால் சேறு இறைக்கிற கிணறு. இருபது நிமிடத் தண்ணீரை வாய்க்காலில் விட்டால் பாதி வயல்கூட நனையாது. சொட்டுச் சொட்டாக வேரில் விட்டால் அத்தனை கன்றும் கோடையைத் தாண்டும். அதனால் சிலேட்டைப் பிடித்து நின்றபோது படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அப்போது நம்பர் அடிக்கிற கதையைச் சொன்னவர் வேன் ஓட்டுநர்.

இரண்டு வாரம் பார்த்துவிட்டு மனு எழுதிப் போட்டார். மாவட்ட அலுவலகத்துக்கு, ஒப்புகைச் சீட்டோடு. இருபதாம் நாள் குடை சார் அந்த மனுவையே கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"உங்க மனுவ விசாரிக்கச் சொல்லி என்னையே போட்டிருக்காங்க" என்றார். கேலியாகக்கூடச் சொல்லவில்லை, களைப்பாகத்தான் சொன்னார். "விசாரிச்சிட்டேன். கையெழுத்து உங்களது. படத்துல நீங்க பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறீங்க. வாங்கிட்டு வாங்கலன்னு மனு போட்டா அதுக்குத் தனியா கேஸ் இருக்கு. ஒருதரம் வாங்கினவருக்கு ஏழு வருஷத்துக்கு மறுபடி கிடையாது, அது விதி."

"சார், கன்னு பட்டுப்போகும் சார்."

"தெரியுது. நானும் என்ன செய்யட்டும்? அந்தப் பணம் எனக்கு வந்திருந்தா நான் பங்களா கட்டியிருப்பேன். இந்தக் குடைகூட மாமனார் வாங்கித் தந்தது." கொஞ்ச நேரம் கன்றுகளைப் பார்த்தார். "நீங்க நல்லா விரிக்கிறீங்க. மத்த வயலுக்கும் வந்து விரிங்க. எல்லாம் முடிஞ்சதும் இந்தக் குழாய் எங்களுக்கு எதுக்கு? உங்க வயல்லயே இறக்கிட்டுப் போறேன். இது என் வாக்கு."

வேலியே பயிரை மேய்கிறது என்று தெரிந்தபின், அந்த வேலிக்கே முள் வெட்டிக் கொடுக்கப் போனார் அவர். மறுவாரம் தபால்காரர் வயல். அதற்கடுத்த நாள் தையற்காரர் வயல். வெறும் வாக்கியம்தானே என்று நினைத்துத் தொடங்கியது. பத்தாவது வயலுக்குள் அது வாயில் தானாக வந்தது. எந்த வயலிலும் குழாயை மோட்டாரோடு இணைக்கவில்லை. படத்துக்கு அது தேவையில்லை. வெயிலில் இளகிக் கிடக்கிற குழாயை மடித்து மிதித்துத்தான் அந்தச் சின்ன வேனில் அடைக்க முடியும். அடைத்தார்.

முப்பத்தேழு முடிந்த அன்று, அலுவலகத்தில் குடை சார் பட்டியலின் கடைசி வரியில் விரல் வைத்தார். சுருட்டு எட்டிப் பார்த்தார். அது அவருடைய அக்காவின் பெயர்.

"சார், இது எங்கக்கா."

"நல்லதாப் போச்சு. விளக்கம் சொல்ற வேலை மிச்சம்."

"வேற ஒருத்தர் பேர மாத்திக்கங்க சார். அக்காவுக்கு வேணாம்."

"பட்டியல் மேலேருந்து வந்தது. நாளைக்குக் கடைசித் தேதி. முப்பத்தெட்டும் சேர்ந்தாத்தான் பில் பாஸாகும். ஒண்ணு குறைஞ்சா மேலேருந்து ஆள் வருவாங்க. வந்தா முதல்ல கேப்பாங்க, வயல் வயலா யாருய்யா விரிச்சதுன்னு. ஊரே உங்களைத்தான் காட்டும், என்னை இல்ல." குடையை மடியில் வைத்துத் துணியை மடித்துவிட்டுக்கொண்டே, "ஒரே ஒரு வயல். அப்புறம் குழாய் உங்க வீடு தேடி வருது. நல்லா யோசிங்க" என்றார்.

அக்கா வயல் அவர் வயலுக்கு மேற்கே, ஒரு வரப்புத் தள்ளி. அத்தான் லாரி ஓட்டுகிறவர். மாதத்துக்கு நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். தக்காளி வயலை அக்கா தனியாகத்தான் பார்த்தாள். அவள் கிணற்றில் ஒரு மணி நேரம் தண்ணீர் ஓடும். அதில் கால்மணி நேரத்தைத் தினமும் வரப்பை வெட்டித் தம்பியின் எலுமிச்சைக்குத் திருப்பிவிட்டாள். அவர் கேட்டதில்லை. அவள் அவரைக் கேட்க வைத்ததும் இல்லை. அந்தக் கால்மணி நேரத்தில்தான் இன்னும் எழுபது கன்றுகள் பச்சையாக நின்றன. எல்லாருக்கும் போட்டு முடித்த பிறகுதான் தன் வயலுக்குக் குழாய் என்று அவர் சொல்லியிருந்ததை அவள் நம்பியிருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி வயலில் இருந்தாள். தினமும் அவள் கன்று கன்றாகப் போய் ஒரு நுனிக்கொம்பை வளைத்துப் பார்ப்பாள். வளைந்தால் உயிர் இருக்கிறது. ஒடிந்தால் இல்லை. அன்றைக்கு அவள் கையில் ஒடிந்த குச்சிகள் ஐந்து இருந்தன.

அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டே அடுத்த கன்றின் நுனியை வளைத்துப் பார்த்தாள். பிறகு, "அண்ணி கிணத்துல தண்ணி இருக்கு" என்றாள்.

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. தண்ணி இருக்குன்னு சொன்னேன். குழாய் இல்லாட்டியும் தக்காளி பொழைச்சுக்கும். இதப் பாருங்க." வலது கையைத் தூக்கிக் காட்டினாள், காதுவரை போகவேண்டியது பாதியில் நின்றது. "தினமும் ஆளுக்கு அறுபது குடம் சுமக்கிறோம், மூணு மாசமா. இனிமே என்னால ஆகாது. மூணு வருஷம் பிள்ளை மாதிரி வளத்தத விறகா வெட்டச் சொல்றீங்களா?"

"அக்காகிட்ட நான் எப்படிடீ பொய் சொல்றது?"

"முப்பத்தாறு பேருகிட்டச் சொன்னீங்களே, அவங்கள்லாம் யாருக்கும் அக்கா இல்லையா?"

சொல்லிவிட்டு அவளே அழுதாள். "குழாய் வந்ததும் பாதிய அண்ணிக்குக் குடுத்துடலாங்க" என்றாள். அந்தப் பாதியை அவரும் பிடித்துக்கொண்டார். முழுகுகிறவனுக்குத் துரும்பும் தோணி.

பாதி உனக்கு என்று சொல்லிவிடலாம், உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் சாயங்காலம் அக்கா வயலுக்குப் போனார். அக்கா முழங்கால்வரை மண்ணோடு நின்றாள். குழாய் பதிக்க மோட்டார்க் கொட்டகையிலிருந்து வரப்புவரை பள்ளம் வெட்டி முடித்திருந்தாள்.

"வாடா சுருட்டு! நாளைக்கு என் வயலுக்குத்தானாமே. ஓட்டுநர் சொல்லிட்டுப் போறான். நீ வாய்ல கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"இப்பத்தான் தெரிஞ்சுதுக்கா."

"ரெண்டு வருஷமாப் பேர் எழுதிக் குடுத்துட்டு வாயப் பொளந்துட்டு இருக்கேன். தம்பி உள்ள இருக்கான், ஆனா அக்கா பேரு கடைசில. நல்ல சிபாரிசுடா உன்னுது." சிரித்தாள். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். "ஏன் செத்த மூஞ்சியா இருக்க? எத்தனை போச்சு இன்னிக்கு?"

"அஞ்சு."

"சரி விடு. குழாய் வந்துட்டா எனக்கு அரைமணி நேரத் தண்ணி போதும். மிச்ச அரைமணியும் உனக்குத்தான். இருக்கிற கன்னக் காப்பாத்திடலாம்டா. ஒடிஞ்சு போகாத."

அவர் வாயைத் திறந்தார். அக்கா அதற்குள் குனிந்து பள்ளத்தின் ஓரத்தைத் தட்டி நேராக்கத் தொடங்கிவிட்டாள். அவர் வந்த வழியே திரும்பிவிட்டார்.

காலையில் வேன் வந்தது. அக்கா தலை வாரி, நல்ல துணி உடுத்தி வரப்பில் காத்திருந்தாள். குடை சார் இறங்கியதும் இறங்காததுமாகத் தாளை நீட்டினார். அவள் வேனின் மூக்கில் வைத்துக் கையெழுத்திட்டாள். சுருட்டு அந்தப் பக்கம் பார்க்காமல் குழாயை இழுத்தார். கை தன் வேலையைச் செய்தது. பதினெட்டு வரிசையும் தக்காளிச் செடிகளின் காலடியில் கோடு போட்டதுபோல் படிந்தன. கடைசி வரிசைக்குக் குச்சி அடித்துக்கொண்டிருந்தபோது படம் எடுக்கிற சத்தம் கேட்டது. சிலேட்டைப் பிடித்தபடி அக்கா சொல்வதும் கேட்டது.

"தண்ணி வராம என்ன சார் படம்? மாப்பிள்ளை இல்லாம கல்யாணப் படம் எடுத்த மாதிரி இருக்கு. இருங்க."

"வேணாம்மா, அதெல்லாம் அப்புறம்…"

அவள் போய்விட்டாள். சுருட்டு அந்த ஓரத்தில் இருந்தபோதே தடித்த குழாயின் வாயை மோட்டார்க் குழாயில் செருகிக் கிளிப் போட்டு முறுக்கியிருக்கிறாள். இதற்கென்றே கிளிப் வாங்கி வைத்திருந்தாள். மோட்டார் உறுமியது.

குழாய் பாம்புபோல் ஒருமுறை நெளிந்தது. பிறகு வயல் முழுவதும் தண்ணீர் எழும்பியது. சொட்டுகிற துளைகளிலிருந்து இல்லை. மடித்த இடம், மிதித்த இடம், வேனின் விளிம்பில் நசுங்கிய இடம் எல்லாவற்றிலிருந்தும். விசிறிபோல், ஊசிபோல், சில இடத்தில் ஆள் உயரத்துக்கு. வேரில் ஒரு சொட்டு விழவில்லை. நடைபாதையெல்லாம் சேறானது.

சுருட்டு கையில் குச்சியோடு உட்கார்ந்தபடியே இருந்தார். எத்தனையோ முறை விரித்துச் சுருட்டிய குழாய்க்குள் தண்ணீர் போவதை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இதற்காகத்தான் அத்தனை வாசலிலும் அந்த வாக்கியத்தைச் சொன்னார். பாதியாவது, முழுசாவது, இதில் ஒரு முழம்கூடப் பிழைக்காது. கொஞ்சம் கொஞ்சமாக அவரே, தன் காலாலேயே, மிதித்துக் கொன்றிருந்தார்.

"அட, இது நல்லாருக்கே!" என்று குடை சார் இன்னொரு படம் எடுத்தார். "தண்ணியோட எடுத்தது இதுதான் ஒண்ணு. யோவ் சுருட்டு, போதும், மோட்டாரை நிறுத்திட்டுச் சுருட்டு."

அக்கா முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "சுருட்டறதா? எதுக்கு?" என்றாள். "ஓட்டைதான, நான் கட்டிக்கறேன். எங்க வீட்டுக்காரர் லாரி டியூப் கிடக்கு. கிழிச்சுக் கிழிச்சுக் கட்டினா நிக்கும்." ஒரு குழாயின்மேல் காலை வைத்து நின்றாள். "இது என் வயல்ல இறங்கிடுச்சு. இனி எங்கயும் போகாது."

"நம்பர் அடிக்கணும்மா. அவரே சொல்லுவார். சொல்லுய்யா."

அக்கா திரும்பித் தம்பியைப் பார்த்தாள். சொன்னால் சரி என்கிற பார்வை. அவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளத் தயாராக, காலைக்கூடக் குழாயிலிருந்து பாதி எடுத்துவிட்டாள்.

"நம்பரும் இல்ல ஒண்ணும் இல்லக்கா" என்றார் சுருட்டு. "எல்லா வயலுக்கும் இந்த ஒரே குழாய்தான். கையெழுத்த வாங்கிட்டுச் சுருட்டிட்டுப் போயிடுவோம். யாருக்கும் திரும்ப வராது. உனக்கும் வராது. ஏழு வருஷத்துக்கு நீ கேக்கவும் முடியாது."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். குடை சாருக்குக் கோபம் வரும் என்று சுருட்டு எதிர்பார்த்தார். வரவில்லை. அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"அந்தத் தாளக் குடுங்க சார்" என்று அக்கா கையை நீட்டினாள்.

"இது அரசாங்கத் தாள்மா. கிழிச்சா நீங்கதான் உள்ள போவீங்க." சுருட்டின் பக்கம் திரும்பினார். "இப்ப சொல்லி என்னய்யா பிரயோசனம்? முப்பத்தெட்டும் முடிஞ்சுது. பேசின பேச்சுப்படி குழாய் உங்களுக்கு. வாக்கு வாக்குதான்." குடையை மடக்கி ஏறிக்கொண்டார். வேன் போய்விட்டது.

அக்கா மோட்டாரை நிறுத்தினாள். கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீர் முழுக்க நடைபாதையில் தேங்கி நின்றது. தக்காளிக்கும் இல்லை, எலுமிச்சைக்கும் இல்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் மனைவி குடத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குடத்தை இறக்கி வைத்தாள்.

"எப்பலேருந்து தெரியும்?" என்றாள் அக்கா.

"என் வயல்ல எடுத்ததுக்கப்புறம். மனு போட்டேன், அதக் கையில எடுத்துட்டு அவரே விசாரிக்க வந்தாரு. மத்தவங்க வயலுக்குப் போறதுக்கு முன்னாடியே."

"நேத்து சாயங்காலம் வந்தியே."

"அப்பவும் தெரியும்."

"பள்ளம் வெட்டிட்டு நின்னேனே. பாத்துட்டுத்தான போன?"

"பாத்துட்டுத்தான்க்கா போனேன்."

அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் குனிந்து, தண்ணீர் பட்டுச் சாய்ந்த ஒரு செடியை நிமிர்த்தி மண் அணைத்தாள். இன்னொன்றை நிமிர்த்தினாள். மூன்றாவதை விட்டுவிட்டாள்.

"உன் வீட்டுக்காரிக்கும் தெரியுமா?"

வரப்புக்கு அந்தப் பக்கம் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நல்லது" என்றாள் அக்கா. யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று தெரியவில்லை. ஈரத் துணியைப் பிழிந்தாள். "உன் வயலுக்கு அடுத்து யாரு வயல்ல படம் எடுத்தீங்க?"

"எதுக்குக்கா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"தபால்காரர்."

"நட."

"அக்கா, அங்க போனா என்னைத்தான் முதல்ல… ஊர்ல அத்தனை பேருக்கும் நான்தான் சொன்னேன். மேலேருந்து ஆள் வந்தாலும் என் பேருதான் இருக்கும்."

"இருக்கட்டும். ஒருத்தன் மனு போட்டா அதக் கையிலயே கொண்டாந்து விசாரிக்கிறான். முப்பத்தெட்டு பேரும் ஒண்ணாப் போய் நின்னா எந்தக் கையில கொண்டாருவான்னு பாக்கலாம். முடிஞ்சா முடியுது, முடியாட்டிப் போகுது. நீ வராட்டி நான் மட்டும் போவேன். ஆனா நான் போய்ச் சொன்னா அது உன்னப் பத்தின பேச்சாப் போகும். நீ சொன்னா…" முடிக்கவில்லை. சொல்லிக்கொண்டே வரப்பில் ஏறி நடக்கத் தொடங்கிவிட்டாள்.

குழாயை அப்படியே போட்டுவிட்டு அவர் பின்னால் போனார். வழியில் அவள் ஒரு முறையும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் வருகிற காலடிச் சத்தம் குறைந்தால் தன் நடையைக் குறைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

தபால்காரர் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. வந்த பணத்தை முழுக்கப் போட்டு வாங்கிய நிலம், வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. வெங்காயம் போட்டிருந்தார். வெங்காயத் தாள்கள் நுனியிலிருந்து மஞ்சளாகிக்கொண்டு வந்தன. அவர்களைக் கண்டதும் கையிலிருந்த பூவாளியைக் கீழே வைத்துவிட்டு வேகமாக வந்தார்.

"வாங்க வாங்க! வந்துடுச்சா? நான்தான் சொன்னேனே வீட்ல, அவரு சொன்னாச் சொன்னதுதான், ஆபீஸ்ல ஏதாவது தாமதமா இருக்கும்னு. இவளுக்கு நம்பிக்கையே இல்ல." உள்ளே பார்த்து, "ஏய், குழாய்க்கு வந்துட்டாங்க, குடிக்கத் தண்ணி கொண்டா!" என்று குரல் கொடுத்தார். வாசலில் கிடந்த நாற்காலியைத் துண்டால் தட்டி இழுத்துப் போட்டார். "உட்காருங்க. ஏம்மா, நீங்களும் உட்காருங்க. என்ன இப்படி நனைஞ்சிருக்கீங்க?"

அக்கா கதவோரம் ஒதுங்கி நின்றுகொண்டாள். உள்ளேயிருந்து தபால்காரரின் மனைவி செம்போடு வந்து, முகமெல்லாம் மலர்ந்து, அவர் முன்னால் நீட்டினாள்.

சுருட்டு அதை வாங்கவில்லை.

"வேணாங்க" என்றார். "நின்னுக்கிட்டே சொல்லிடறேன்."